கை வைத்தவன் சீட்டு

எங்கள் வீட்டுக்காரர் பேச்சிமுத்துவைப் பற்றி முன்னெல்லாம் போடியில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். இரும்பு அவர் பேச்சைக் கேட்கும் என்பார்கள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, மனுஷனுக்கு வயிற்றெரிச்சல் ஜாஸ்தி என்பார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டாவதில் அவருக்குச் சரிக்குச் சரியாக நானும் நின்றேன் என்பது ஊருக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன்; அவருக்கு மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும்.

வயிற்றெரிச்சல் என்றால் கண்டவன் மேலெல்லாம் இல்லை. ஒரே ஒரு ஆள் மேல்தான். அவருடைய சகலை வீரையா, அதாவது என் கூடப்பிறந்த தங்கச்சி அன்னக்கொடியின் புருஷன். வயதில் என்னைவிடச் சின்னவன், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். மரியாதை வேண்டுமானால் அவன் பெண்டாட்டி கொடுக்கட்டும்.

என்னைக் கட்டும்போது இவர் லாரிக் கிளீனர். போடிமெட்டு மலையில் ஏறி இறங்குகிற லாரிகளுக்கு அடியில் படுத்துப் படுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர். சொல்லிக்கொடுத்தவர் என்று யாரும் கிடையாது. ஸ்பிரிங் பட்டை ஒடிந்தால் பார்ப்பார், கழற்றுவார், அதே மாதிரி இன்னொன்றை அடித்துப் போடுவார். கொஞ்ச வருஷத்தில் மெட்டுக்குப் போகிற ரோட்டின் ஓரத்தில் புளியமரத்தடியில் சொந்தமாகப் பட்டறை போட்டார். ஒரு உலை, ஒரு பட்டடைக்கல், இரண்டு ஜாக்கி, அவ்வளவுதான் சாமான். ஆனால் மலையில் ஓடுகிற ஜீப்பெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போய்வந்தேன். பச்சைக் காய் தனி, வெடித்த காய் தனி, நிறம் வெளுத்தது தனி. என்னைப் பெற்ற அய்யா சோலைமலை சிலமலையில் விவசாயம் பார்க்கிற சம்சாரி. ஊருக்குள் யாரிடம் பேசினாலும் நாலாவது வார்த்தையில் "எங்க மூத்த மாப்ள இருக்காரே" என்று ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்கும்போது எனக்குத் தரையில் கால் பாவாது.

அப்போதுதான் அன்னக்கொடிக்கு மாப்பிள்ளையாக வீரையா வந்து சேர்ந்தான். மதுரையில் கேஸ் வெல்டிங் படித்தவன். தாலி கட்டின கையோடு போடிக்கே வந்து, எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் குடியேறினான். மெட்டு ரோட்டில் பட்டறை போட்டான். எங்கள் பட்டறைக்கு எதிர்வரிசையில். ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி.

அதற்கப்புறம் என்ன? ஒடிந்ததையெல்லாம் அவன் பற்றவைக்க ஆரம்பித்தான். இவர் ஒரு பட்டையை உலையில் போட்டு, பழுக்கவைத்து, அடித்து, வளைத்து முடிப்பதற்குள் அவன் நீலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பொட்டு வைத்து வண்டியை அனுப்பிவிடுவான். ஜனங்களுக்கு வெரசாப் போக வேண்டும். அவனுக்குக் கூட்டம் கூடியது. அவன் வீட்டுக்குச் சாமான் வந்தது. அன்னக்கொடி கையில் வாட்சு வந்தது. அவள் யாருக்கு மணி பார்க்க வேண்டும்? பிறகு ஒருநாள் அவள் வீட்டில் பிரஷர் குக்கர் வந்தது. எங்கள் தெருவிலேயே முதல் குக்கர். பகல் சோற்றுக்கு அது விசில் அடித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நான் ஊதுகுழலோடு அடுப்புக்கு முன்னால் புகையில் உட்கார்ந்திருப்பேன். அந்த விசில் என் காதில் விழாது, நெஞ்சில் விழும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை. பொழுது சாய இவர் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவார். நான் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வேன்.

"இன்னைக்கு அவன் பத்தவச்ச பம்பர பாத்தியா சுருளி? கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கு."

"அவ மட்டும் என்னவாம். வாட்ச மேல தூக்கித் தூக்கி விட்டுக்கிட்டே கொழாயடியில தண்ணி புடிக்கிறா."

"ஆளப் பாத்தா சிரிச்சிக்கிட்டே 'வாங்கண்ணே'ங்குறான். உள்ளுக்குள்ள என்ன நெனப்போ."

"அவளும் அப்பிடித்தான. அக்கா அக்கான்னு வாயில தேன் ஒழுகும்."

இப்படியே சட்டி காலியாகிற வரைக்கும் பேசுவோம். இன்னும் ஒரு கை சோறு போடு என்பார். பேசப் பேச அவருக்குப் பசி எடுக்கும், எனக்கும் மனசு ஆறும். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

எண்பத்திரண்டில் எங்கள் அய்யாவுக்கு ஜீப்பு ஆசை பிடித்தது. சிலமலையிலிருந்து பெண்கள் மலைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போனால் விவசாயத்தைவிட மேல் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். பட்டாளத்தில் ஓடிக் கழிந்த ஜீப்பு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு மூன்று கியர்தான். தரையில் நன்றாக ஓடும். ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பெண்கள் இறங்கித் தள்ள வேண்டும். சிலமலை ராக்கு என்கிற வாயாடி, "சோலமல மாமா ஜீப்புல ஏறுனா கூலி நமக்குத்தான் குடுக்கணும், தள்ளுறதுக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

அய்யா மதுரைக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் நாலு கியர் உள்ள பெட்டி ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். முதல் கியர் நல்ல இழுவை, மலைக்கு ஏற்றது. இஞ்சினோடு அது சேர்ந்துகொண்டது. ஆனால் பழைய பெட்டியைவிட ஒரு சாண் நீளம். பழைய பெட்டியின் வால்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த குறுக்குச் சட்டம் இதற்கு எட்டவில்லை. புதிதாக ஒரு தாங்கி செய்ய வேண்டும். கடையில் கிடைக்கிற சாமான் இல்லை அது. அந்த ஒரு வண்டிக்கு, அந்த ஒரு பெட்டிக்கு, அளவெடுத்துச் செய்ய வேண்டியது.

இரண்டு மருமகன், இரண்டு பட்டறை, ஒரு ஜீப்பு. யாரிடம் கொடுப்பார் என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப்பு ஸ்டாண்டில் இருந்த மற்ற ஓனர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வண்டி ஏறிவிட்டால் தங்கள் வண்டிக்கும் நாலு கியர் போட்டுக்கொள்வார்கள், செய்த கையைத் தேடித்தான் போவார்கள். எங்கள் பட்டறை எழுவதா படுப்பதா என்பது அந்த ஒரு தாங்கியில் இருந்தது.

அய்யா ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு நேராகப் புளியமரத்தடிக்கு வந்தார். "மூத்தவரு இருக்கும்போது எளையவருகிட்ட எப்பிடிப் போறது? நீங்களே பாருங்க மாப்ளே" என்றார். நான் அன்றைக்குக் குழாயடிக்குக் குடத்தோடு இரண்டு தடவை போய்வந்தேன். வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தது.

எங்கள் ஜீப்பு ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினிலோ பெட்டியிலோ யார் கை வைத்தானோ, அவன் முதல் லோடில் டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மெட்டு வரைக்கும் போக வேண்டும். வேலையில் பிசகு இருந்தால் முதலில் அவன் உயிர். வேலை சுத்தமாக இருந்தால் முதல் மரியாதையும் அவனுக்குத்தான். மலையடி ஊரான முந்தலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு ஏறும்போது ஊரே பார்க்கும், முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறான் என்று. கை வைத்தவன் சீட்டு என்றே அதற்குப் பெயர். வீரையா அதில் பல தடவை போயிருக்கிறான். இவர் அதில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இவர் வேலையில் இறங்கினார். அந்த வேலையை நான் பார்த்தேன். மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் நின்று பார்த்தேன். பெட்டியின் வாலைச் சங்கிலி போட்டு மேலே ஒரு கட்டையில் தொங்கவிட்டார். அடியில் படுத்துக்கொண்டு நூலால் அளந்தார். ஏலக்காய் வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து, தாங்கி எப்படி வர வேண்டுமோ அப்படி வெட்டி, பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை என்றால் வேறு அட்டை. அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் இரும்பைத் தொட்டார். பழைய லாரிச் சட்டத்திலிருந்து வெட்டின கனத்த இரும்பு. முன் சக்கரத்துக்குப் போகிற தண்டு இடிக்காமல் இருக்க நடுவில் பள்ளமாக வளைய வேண்டும், இரண்டு நுனியும் மேலே ஏறி வண்டிச் சட்டத்தில் படிய வேண்டும். உலையில் பழுக்கவைத்து, அடித்து, அட்டையோடு ஒட்டிப் பார்த்து, மறுபடி உலையில் வைத்து வளைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் மூன்று துண்டாக வெட்டிப் பற்றவைத்திருப்பார்கள். பற்றவைக்க வேண்டுமென்றால் எதிர்வரிசைக்குத்தான் போக வேண்டும். அதற்கு இவர் உலையிலேயே விழுந்துவிடுவார். ஒரு பொட்டு வெல்டிங் இல்லாமல், ஒரே இரும்பில், முழுக்க முழுக்க வளைத்தே செய்தார். துளை போட்டு, போல்ட்டு போட்டு, பெட்டியை அதன் மேல் இறக்கி முறுக்கினார். போல்ட்டு எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி உள்ளே போனது. ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். "யானை ஏறி நின்னாலும் அசையாது மாப்ளே" என்று அய்யா சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வீரையா வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"நல்லா இருக்குண்ணே. நடுவுல ஒரு ரப்பர் மட்டும் வச்சிரலாம். இரும்பும் இரும்பும் நேராப் பேசக் கூடாது. எங்கிட்ட லாரி டயர் கெடக்கு, அறுத்துக் கொண்டாறவா?"

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "வேல தெரியாதவன் ஆட்டம் குடுத்துச் செய்வான், அதுக்கு ரப்பர் வேணும். இதுல ஆட்டமே இல்லப்பா" என்றார்.

வீரையா சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்புதான் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு. இவருக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. பழைய பெட்டியிலும் ரப்பர் இருந்தது, அவருக்குத் தெரியாதா? "வச்சாத்தான் என்ன சுருளி, ஒரு துண்டு ரப்பர்தான" என்றார்.

"வைங்க. நாளைக்கு வண்டி ஏறுச்சுன்னா வீரையா ரப்பரு ஏத்துச்சும்பாங்க. நீங்க ராப்பகலா வளச்ச இரும்ப ஒரு பய நெனைக்க மாட்டான். அவ குக்கர் மூடிக்குப் போடுற ரப்பர் மாதிரி நம்ம வேலையில அவன் ரப்பரா?" என்று கேட்டேன். அவர் ரப்பரை மறந்துவிட்டார். நியாயத்தைத்தானே கேட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் கேட்பேன்.

முதல் லோடு ஒரு வெள்ளிக்கிழமை. அய்யா தானே ஓட்டினார். சிலமலைப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் தூக்குவாளியோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். வீட்டு விசேஷம் மாதிரி நானும் வந்தேன், அன்னக்கொடியும் வந்தாள். வீரையாவையும் அய்யா விடவில்லை. அவன் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஸ்டெப்னியோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தான். முன்னால் இவர். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. முந்தலில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் டீக்கடைக் கூட்டம் முழுக்க எங்கள் வண்டியைப் பார்த்தது. நான் அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்தேன். அவள் வெளியே குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஏறியது. என்ன ஏற்றம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, யாரும் இறங்கவில்லை, தள்ளவில்லை. ராக்குகூட, "மாமா, இனிமே கூலி ஒனக்கே" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். இவர் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னொரு சென்மம் புகையில் சமைத்திருப்பேன்.

பாதி மலைக்கு மேல் போன பிறகு அடியில் ஒரு முனகல் கேட்டது. வளைவில் திரும்பும்போது மட்டும் கேட்டது. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஜீப்பின் சட்டம் வளைவில் ஏறும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், வண்டி அப்படித்தான். பெட்டி முறுக்கிக்கொள்ளாது. நடுவில் ரப்பர் இருந்தால் அந்த முறுக்கை அது வாங்கிக்கொள்ளும். இங்கே வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. இவர் தாங்கி ஒரு நூலும் வளைந்து கொடுக்காது, அவ்வளவு கெட்டி. அடுத்த வளைவில் படார் என்று ஒரு சத்தம். கியர் தானாகக் கழன்றது. வண்டி பின்னால் உருண்டது. அய்யா பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடித்தார். பெண்கள் குதித்து ஓடிக் கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அடை கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. ராக்குவின் தூக்குவாளி மட்டும் பள்ளத்தில் உருண்டு போனது.

இவர் அடியில் குனிந்து பார்த்தார். தாங்கி அப்படியே இருந்தது. பெட்டியின் காது, போல்ட்டு பூட்டுகிற இடம், ஒடிந்து தொங்கியது. இவர் நிமிரவே இல்லை. அய்யா போய்ச் சக்கரத்துக் கல்லை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீரையா இறங்கி வந்தான். துணிப்பையைத் திறந்தான். உள்ளே லாரி டயரில் அறுத்த ரப்பர்த் துண்டுகள். சும்மா துண்டு இல்லை. எங்கள் தாங்கியின் அகலத்துக்கு அறுத்து, எங்கள் போல்ட்டுக்குச் சரியாகத் துளை போட்ட துண்டுகள்.

எனக்கு உச்சிமுடி வரைக்கும் எரிந்தது. ஒடியும் என்று தெரிந்தேதான் பையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். ஒடியட்டும், எல்லோரும் பார்க்கட்டும், அப்புறம் எடுப்போம் என்று வந்திருக்கிறான். அன்னக்கொடியின் பக்கம் திரும்பி, "ஒன் புருசன் நல்லாத்தான்டி காத்துக்கெடந்திருக்கான்" என்று சொல்லிவிட்டேன். அவள், "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, காலையில எதையோ பையில போட்டாரு" என்றாள். அவளுக்கு எப்போதுமே ஒன்றும் தெரியாது.

வீரையா அடியில் போய்ப் படுத்தான். "அண்ணே, வா. ஒராளால ஆகாது" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான். இவர் சலவைச் சட்டையோடு அவன் பக்கத்தில் போய்ப் படுத்தார். நாங்கள் எல்லோரும் ரோட்டோரத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம். ஜீப்புக்கு வெளியே நாலு கால்கள் தெரிந்தன, அவ்வளவுதான். கட்டை கேட்டார்கள், கொடுத்தோம். வண்டி இழுக்கிற சங்கிலியைக் கேட்டார்கள், கொடுத்தோம். பூப்பாறைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த ஒரு ஜீப்புக்காரன், "எந்து பற்றி?" என்று வண்டியை நிறுத்தி, என்ன ஆச்சென்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, குனிந்து பார்த்துவிட்டுப் போனான். ரொம்ப நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்று பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அப்புறம் ஒரு சிரிப்பு. வீரையா சிரிப்பது எனக்குத் தெரியும், அது இல்லை. எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார்.

வெளியே வந்தபோது இரண்டு பேர் மூஞ்சியிலும் ஒரே கிரீஸ். பெட்டியை ஜாக்கியில் தூக்கி, தாங்கிக்கும் அதற்கும் நடுவில் ரப்பரைக் கொடுத்து, ஒடிந்த காதுக்குப் பதிலாகச் சங்கிலியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மெல்ல ஏறினால் போதும், மெட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெண்கள் ஏறினார்கள். அய்யா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

இப்போது முன் சீட்டு யாருக்கு? வழக்கப்படி கடைசியாகக் கை வைத்தவன் வீரையா. அவன் நேராகப் பின்பக்கம் போய் ஸ்டெப்னியைப் பிடித்து ஏறப்போனான். பெருந்தன்மையாம். இவர் மானத்தோடு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கலாம், ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இவர் போய் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "நீ உக்காருடா. ஒன் ரப்பருதான் தாங்குது" என்றார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அவனை முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூரா மலையும் அவர் முகம் மலர்ந்தே இருந்தது. எனக்கு அந்த மலையிலிருந்து கீழே குதிக்கலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் ஸ்டாண்டில் இருந்த ஜீப்பெல்லாம் வரிசையாக நாலு கியர் போட வந்தது. தாங்கி இவர் வளைப்பார், ரப்பரை அவன் அறுப்பான். கொஞ்ச நாளில் எதிர்வரிசைப் பட்டறையைக் காலி பண்ணிக்கொண்டு வீரையா புளியமரத்தடிக்கே வந்துவிட்டான். முதல் லோடுக்கு இரண்டு பேரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு போவார்கள். ஊரில் இன்றைக்கு இவரைப் பற்றி இரண்டாவது விஷயத்தைச் சொல்கிற ஆட்களே குறைந்துபோனார்கள்.

எனக்குத்தான் தலை வெடித்தது. அடியில் என்ன பேசினார்கள்? பொழுது சாயச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "இன்னைக்கு அந்த வீரையா" என்று ஆரம்பித்தால் இவர், "அவன் நல்லவன் புள்ள" என்று முடித்துவிடுவார். குனிந்து சாப்பிடுவார். சட்டியில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. விடாமல் குடைந்து குடைந்து கேட்டு, ஒருநாள் வாயைத் திறக்க வைத்தேன்.

"ஒடியும்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தியான்னு கேட்டேன். ஆமாண்ணேன்னான்."

"ஆமாங்குறானா?"

"கேளு. 'ஒரு பொட்டு பத்தவைக்காம இப்பிடி வளைக்க எனக்கு ஏழு சென்மத்துக்கும் வராதுண்ணே. அடியில படுத்துப் பாத்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அந்த வயித்தெரிச்சல்லதான் ரப்பர அறுத்தேன். எப்பிடியும் முனகும், அப்ப எடுத்துக் காட்டணும்னு வச்சிருந்தேன். காதே ஒடியும்னு நெனைக்கல'ன்னான். சொல்லிக்கிட்டே அழுதுட்டான் கிறுக்குப் பய."

"ஸ்பானராலேயே நாலு வச்சிருக்கணும் நீங்க."

"எதுக்குடி? அவனுக்கு என்னயப் பாத்து எரிஞ்சிருக்கு சுருளி. என்னயப் பாத்து." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அத்தன வருசம் நான் பொசுங்கிக் கெடந்தேன், அவன் எதுக்க உக்காந்து பொசுங்கியிருக்கான். கேட்டதும் எல்லாம் எறங்கிப்போச்சு."

அவருக்கு இறங்கிவிட்டது. சரி. எனக்கு யார் வந்து சொல்வார்கள்? இத்தனை வருஷம் இரண்டு பேருமாகச் சேர்ந்து சுமந்ததை அவர் பாதி மலையில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அவளுக்கும் என்னைப் பார்த்து எப்போதாவது எரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை வந்தது. எரியாமல் இருக்குமா? நான் மூத்தவள். எனக்கு முடி இடுப்புக்குக் கீழே. என் கைக்கு அதிரசம் வருகிற மாதிரி அவளுக்கு வராது. கடையில் நான் பொறுக்கின காய்க்கு மறுபார்வை கிடையாது. பொங்கலுக்கு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பேன். "நல்லா இருக்குக்கா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

போன மாசம் பொறுக்க முடியாமல் குழாயடியில் வைத்துக் கேட்டேவிட்டேன். "ஏடி அன்னக்கொடி, என்னயப் பாத்து என்னைக்காச்சும் ஒனக்கு வயிறு எரிஞ்சிருக்கா? சும்மா சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நிஜமாகவே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, எனக்காக மெனக்கெட்டு யோசித்தாள்.

"எதுக்குக்கா?" என்றாள்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாலாவது வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒல வைக்காத சுருளி, அங்கன சாப்ட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.